கேன்சஸில் புல் கொளுத்தும் மாதம்

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் கிழக்கே, வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் மேட்டு நிலத்துக்கு ஃபிளின்ட் ஹில்ஸ் என்று பெயர். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிவரை ராத்திரி இந்தப் பக்கம் காரில் போனால் சரிவுகளில் நெருப்பு கோடு கோடாக ஊர்வது தெரியும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் காட்டுத்தீ என்று பயந்து அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிடுவதும் உண்டு. பண்ணைக்காரர்கள் போன வருடத்துக் காய்ந்த புல்லைக் கொளுத்துகிறார்கள், அவ்வளவுதான். சில ஆண்டுகளில் இது 20 லட்சம் ஏக்கரைத் தாண்டும்.

எனக்கு வேலை மன்ஹாட்டனில். நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை, கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் சின்ன ஊர். ஊருக்கு வெளியே வீட்டோடு சேர்த்துப் பதினைந்து ஏக்கர் சொச்சம் வாங்கினோம். வீடு, தோட்டம், ஓடை போக மீதியெல்லாம் புல். வேலியை ஒட்டிய நிலம் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பண்ணைக்காரருடையது. சின்ன வயதிலிருந்து வருடா வருடம் தீ வைத்துப் பழகியவர். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது, மீதி பல்கலைக்கழக விரிவாக்கத் துறை நடத்தும் பயிற்சியில் கற்றது.

ஊரிலிருந்து, கோபிசெட்டிபாளையத்திலிருந்து, அம்மா வந்திருந்தபோது இந்த ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, நல்லா இருக்கற புல்ல எதுக்குக் கொளுத்தற? ரெண்டு மாட்டப் புடிச்சு உட்டா மேஞ்சுட்டுப் போகுது" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ஏப்ரலில் நிற்பது மாடு விரும்பித் தின்னும் புல் இல்லை. போன செப்டம்பரில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பூத்து, பனியில் வெளிறிப்போன தட்டு. பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், ஸ்விட்ச் கிராஸ் என்று இங்குள்ள முக்கியமான புற்களில் பிக் புளூஸ்டெம்மும் இந்தியன் கிராஸும் கரும்புக்கும் சோளத்துக்கும் தாயாதி, ஒரே தாவரப் பிரிவு. இவற்றுக்குக் குருத்து மண்ணுக்குள்ளே இருக்கும். மேலே எரிந்தால் ஒன்றும் ஆகாது. மேலே மூடிக் கிடக்கும் சருகு போய், கருத்த மண்ணில் வெயில் நேராக விழுந்து சூடேறுவதால் புதுத் துளிர் முந்திக்கொண்டு வரும். சாம்பல் உரமாகிறது என்று பலர் சொல்வார்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தழைச்சத்தில் நிறைய புகையோடு போய்விடுகிறது. லாபம் வெளிச்சத்திலும் சூட்டிலும்தான்.

அதைவிடப் பெரிய காரணம் மரம். இங்கே ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, மரம் வளர அது தாராளம். தீ மட்டும் இல்லையென்றால் இந்தப் புல்வெளி புல்வெளியாகவே இருக்காது. மன்ஹாட்டனுக்குத் தெற்கே கோன்சா ப்ரெய்ரி என்று 1971-இல் தொடங்கிய ஆய்வு நிலம் இருக்கிறது, கிட்டத்தட்ட 3,500 ஹெக்டேர். அதைப் பல பகுதிகளாகப் பிரித்து, சிலதை ஆண்டுதோறும், சிலதை 2 ஆண்டு, 4 ஆண்டு, 20 ஆண்டு இடைவெளியில் எரித்துப் பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் எரித்த இடம் புல்லாகவே இருக்கிறது, இடைவெளி நீண்ட இடங்களில் புதர் ஏறிவிட்டது. மூன்று ஆண்டுக்கு ஒரு தடவையாவது தீ படவேண்டும் என்பதுதான் அங்கிருந்து எங்களைப் போன்றவர்களுக்கு வந்த கணக்கு. ரெட் சீடார் என்று ஒரு மரம், கேன்சஸுக்கு அதுதான் சீமைக்கருவேலம். பறவைகள் விதையைத் தின்றுவிட்டு வேலிக்கம்பியில் உட்கார்ந்து எச்சமிட, வேலி ஓரமெல்லாம் வரிசையாக முளைத்துவிடும். சீமைக்கருவேலம் அடியில் வெட்டினால் மறுபடி தழையும், இது தழையாது. இடுப்பு உயரத்துக்குள் இருக்கும்போது ஒரு தீ பட்டால் முடிந்தது கதை. ஆளுயரம் தாண்டவிட்டால் ரம்பம்தான்.

ஊரில் கரும்பு வெட்டியதும் சோகைக்குத் தீ வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே வேளாண் துறைக்காரர்கள் சோகையை எரிக்காதீர்கள், மூடாக்காகப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க, இவன் அமெரிக்கா போய் எரிக்கிறானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. கரும்புக்காட்டு மண்ணை நாம் உழுது, உரம் போட்டு, பயிரை அள்ளிக்கொண்டு போகிறோம். திருப்பிக் கொடுக்க மிச்சமிருப்பது சோகைதான், அதையும் எரித்தால் மண்ணுக்கு என்ன இருக்கிறது? இங்கே கல்லும் சுண்ணாம்புப் பாறையும் மேலாகவே கிடப்பதால் யாரும் ஏர் பூட்டவில்லை. மண்ணுக்குள் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்கும் மேல் வேர் போகும் புல். மின்னலும், கான்சா, ஓசேஜ் போன்ற பூர்வகுடி மக்கள் வைத்த தீயும் பார்த்துப் பழகிய புல். அதனால், இதைப் படித்துவிட்டு யாரும் ஊரில் தோப்புக்கு ஓரமாகத் தீப்பெட்டி எடுத்துக்கொண்டு போகவேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

எரிந்த இடம் மறுபடி எரியாது. பக்கத்துப் பண்ணைக்காரர் முதலில் சொன்னது இதுதான். அடுத்து வருவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். தீயைத் தடுப்பது தண்ணீர் என்று நாம் நினைக்கிறோம். பத்து ஏக்கர் காய்ந்த புல் காற்றோடு எரிந்து வரும்போது வண்டியில் இருக்கும் எழுநூறு லிட்டர் தண்ணீர் எந்த மூலைக்கு? அதைத் தடுப்பது, அதற்கு முன்னே நாமே மெதுவாக எரித்து வைத்திருக்கும் கருப்புப் பட்டைதான். தண்ணீர் அந்தப் பட்டையைக் கட்டுக்குள் வைத்து உருவாக்குவதற்கு.

ஆகவே முதல் வேலை எல்லை. போன கோடைக் கடைசியிலேயே எரிக்க வேண்டிய பகுதியைச் சுற்றி மூன்று நான்கு மீட்டர் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டிவிடுவேன். மார்ச்சில் வெட்டினால் வெட்டிய புல் அங்கேயே காய்ந்து கிடந்து, அதன் வழியாகத் தீ ஊர்ந்து வெளியே போகும். முன்கூட்டி வெட்டினால் மட்கிவிடும், இடையில் பச்சையும் வந்துவிடும். எங்களுக்கு ஒரு பக்கம் ஜல்லி சாலை, ஒரு பக்கம் ஓடை. இரண்டும் இயற்கையாகக் கிடைத்த எல்லை. ஓடையை முழுசாக நம்புவதில்லை, குறுக்கே விழுந்து கிடக்கும் ஒரு காய்ந்த மரம் போதும் பாலமாக.

அப்புறம் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று நடந்து பார்க்கவேண்டும். மின்கம்பம், கிணற்றின் பிளாஸ்டிக் குழாய், செப்டிக் தொட்டியின் மூடி, சமையல் எரிவாயுத் தொட்டி, பழைய வேலிக்கால்கள். இங்கே ஹெட்ஜ் என்று ஒரு மரத்தில் வேலிக்கால் நடுவார்கள். மண்ணில் ஐம்பது வருடம் உளுத்துப்போகாமல் நிற்கும், ஆனால் தீப்பிடித்தால் நாள்கணக்கில் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். இவற்றைச் சுற்றி எல்லாம் மண் தெரிய வழித்துவிடவேண்டும். மரத்தடிகளில் பாய்சன் ஐவி கொடி இருந்தால் கட்டாயம் கவனிக்கவேண்டும். தொட்டாலே தோல் கொப்பளிக்கும், எரிந்த புகையை இழுத்தால் நுரையீரலுக்குள் அதே வேலையைச் செய்யும். உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே அடர்ந்த புகை போனால் அதன் வழியே மின்சாரம் தரைக்குப் பாயக்கூடும் என்பதால் அந்த நேரத்தில் கீழே யாரும் நிற்கக்கூடாது.

காகித வேலையும் உண்டு. எங்கள் கவுன்டியில், நம் ஊர் மாவட்டம் மாதிரி, அனுமதி வாங்கி வைத்திருக்கவேண்டும். அனுமதி இருந்தாலும், அன்றைக்குக் காலையில் இன்று எரிக்கலாமா என்று பார்த்து, தீ வைக்குமுன் தகவல் கொடுத்து, முடிந்ததும் மறுபடி சொல்லவேண்டும். ஃபிளின்ட் ஹில்ஸ் புகை கேன்சஸ் சிட்டி, விச்சிட்டா வரைக்கும் போய்க் காற்றைக் கெடுப்பதால், 2011-லிருந்து 16 கவுன்டிகளில் ஏப்ரல் மாதம் மேய்ச்சல் நிலம், புல்வெளி தவிர வேறு குப்பை, கழிவு எரிப்பதற்கெல்லாம் கட்டுப்பாடு. மேல்காற்று எப்படி இருக்கிறது, புகை எழும்பிக் கலையுமா, இல்லை தரையோடு படுக்குமா என்பதையும் பார்க்கச் சொல்கிறார்கள். நான் இதோடு அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் முன்தினம் போன் செய்துவிடுவேன். ஒரு வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கிறது. அந்தப் பக்கம் காற்று அடிக்கும் நாளில் எரிப்பதில்லை.

இப்போது வானிலை. எல்லாவற்றிலும் கடினமானது இதுதான், ஏனென்றால் இது கையை மீறியது.

விரிவாக்கத் துறை சொல்லும் அளவு இப்படி: காற்று மணிக்கு 8 முதல் 24 கிலோமீட்டர், ஈரப்பதம் 40 முதல் 70 சதவீதம், வெப்பம் 13 முதல் 27 டிகிரி செல்சியஸ். காற்று குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அசையாத காற்றுதான் ஆபத்து. அசையாத காற்று எந்த நிமிடம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே திசையில் நிதானமாக அடிக்கும் காற்றை வைத்துத்தான் திட்டம் போடமுடியும்.

ஈரப்பதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்றில் உள்ள நீர் அப்படியே இருக்க, வெப்பம் மட்டும் 11 டிகிரி ஏறினால் ஈரப்பதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். காலை எட்டு மணிக்கு 70 சதவீதம் காட்டியது மத்தியானம் 35. காய்ந்த புல் கட்டை மாதிரி இல்லை, காற்று காய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தானும் காய்ந்துவிடும். காலையில் பற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்த புல், மத்தியானம் பொறி விழுந்த இடமெல்லாம் பிடித்துக்கொள்ளும். 25 சதவீதத்துக்குக் கீழே போனால், பறந்துபோய் எல்லைக்கு வெளியே விழும் ஒவ்வொரு கங்கும் ஒரு புதுத் தீ.

இன்னொன்று, வசந்த காலத்தில் கேன்சஸின் குளிர்முகப்பு, அதாவது முன்னேறி வரும் குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு. தெற்கிலிருந்து அடித்துக்கொண்டிருக்கும் காற்று முகப்பு கடந்ததும் ஒரே நொடியில் வடமேற்குக்குத் திரும்பி வேகமெடுக்கும். அதுவரை பக்கவாட்டாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்த நீளமான தீ விளிம்பு முழுவதும் அப்போது முன்னோக்கிப் பாயும். அதனால் எரிக்கும் நேரத்து வானிலை போதாது, அடுத்த நாள் சாயங்காலம்வரை பார்க்கவேண்டும். 2016 மார்ச்சில் ஆண்டர்சன் கிரீக் தீ ஓக்லஹோமாவிலும் தெற்குக் கேன்சஸிலும் மூன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அடுத்த மார்ச்சிலேயே ஸ்டார்பக் தீ, ஆறு லட்சத்துக்கு மேல். இவை யாரும் திட்டமிட்டு வைத்த தீ அல்ல. ஆனால் மார்ச் மாதத்துக் காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு வருடம் ஆட்கள் வந்து, வண்டியில் தண்ணீர் நிரப்பி, எல்லாம் தயார். பண்ணைக்காரர் மட்டும் வண்டியை விட்டு இறங்காமல் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரப்பதம் நினைத்ததைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு வேண்டாம். புல் எங்கேயும் போயிடாது" என்றார். எல்லாரும் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம். அந்த வருடம் அப்புறம் சரியான நாளே அமையவில்லை, எரிக்காமலே விட்டோம். ஒரு வருடம் எரிக்காவிட்டால் புல்வெளிக்கு ஒன்றும் ஆகிவிடாது. சனிக்கிழமைதான் லீவு, ஆட்கள் வந்துவிட்டார்கள் என்பதற்காகத் தீ வைப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

ஆட்கள் நான்கைந்து பேராவது வேண்டும். தீ வைக்க இருவர், பின்னாலேயே அணைத்து வர இருவர், வண்டிக்கு ஒருவர். தமிழ் நண்பர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள், பெரும்பாலும் நைலான் ஜாக்கெட்டில். அப்படியே சாலைக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிடுவேன். செயற்கை நூல் எரிவதோடு நிற்காது, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அல்லது கம்பளி உடை, தோல் செருப்பு இல்லை, தோல் பூட்ஸ், தோல் கையுறை. தீ வைக்க ட்ரிப் டார்ச் என்று ஒரு கலன், சாய்த்தால் எரியும் சொட்டுகளாக விழும். அதில் மூன்று பங்கு டீசலுக்கு ஒரு பங்கு பெட்ரோல். வெறும் பெட்ரோல் ஊற்றினால் அது வெடிகுண்டுதான். அணைக்க நீளக் கைப்பிடியில் ரப்பர் பட்டை வைத்த ஒரு கருவி உண்டு. புதிதாகப் பிடிப்பவர்கள் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள், பொறி நாலா பக்கமும் பறக்கும். அழுத்தி இழுக்கவேண்டும், அடிக்கக்கூடாது. இப்போது முதுகில் மாட்டும் இலை ஊதியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். தீ விளிம்பைக் கருப்பு நோக்கி ஊதித் தள்ளிவிட்டால் சின்னத் தீ சட்டென்று அணைந்துவிடும்.

தீ வைக்கும் வரிசை இப்படி. காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடங்குவது வடகிழக்கு மூலையில், அதாவது காற்று போய்ச் சேரும் மூலையில். முதலில் அங்கே ஒரு கைப்பிடி இடத்தைக் கொளுத்தி, புகை எங்கே போகிறது, தீ எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பிடிக்கவில்லை என்றால் அப்போதே அணைத்துவிடலாம். எல்லாம் சரியென்றால் ஒரு குழு வடக்கு எல்லையோடு மேற்கே போகும், இன்னொரு குழு கிழக்கு எல்லையோடு தெற்கே போகும். தீ காற்றை எதிர்த்து உள்ளே நகரும். முழங்கால் உயரம்கூட இருக்காது, நடக்கிற வேகத்தில் கால்வாசிகூட வராது. பொறுமையைச் சோதிக்கும். எல்லைப் பக்கம் தாண்டும் தீயைப் பின்னால் வருபவர் உடனுக்குடன் அணைத்துக்கொண்டே வரவேண்டும். அணையாத தீயை விட்டுவிட்டு டார்ச்காரர் முன்னே போகக்கூடாது. இதில்தான் நேரமெல்லாம் போகும், போகவும் வேண்டும். கருப்புப் பட்டை பதினைந்து இருபது மீட்டராவது அகலமானால்தான் அடுத்த கட்டம்.

அப்புறம் மீதி இரண்டு பக்கத்தையும் வேகமாகப் பற்றவைத்து வளையத்தை மூடுவோம். இப்போது தீ காற்றோடு ஓடும். மூன்று மீட்டர், நான்கு மீட்டர் உயரத் தழல், ரயில் வருவதுபோல் சத்தம் என்று எல்லாரும் போனில் படம் எடுப்பது இந்தச் சில நிமிடங்களைத்தான். ஓடிப்போய்க் கருப்பில் மோதி, எரிக்க ஒன்றுமில்லாமல் அணைந்துவிடும். கருப்பு போதுமான அகலம் இல்லாமல் வளையத்தை மூடினால் என்ன ஆகும் என்பதைப் பயிற்சியில் படமாகக் காட்டினார்கள். ஓர் உரிமையாளரின் கொட்டகை, டிராக்டர், பக்கத்துக்காரரின் வைக்கோல் உருளைகள் எல்லாம் அதில் போயிருந்தன.

எங்கே நிற்பது என்பதற்கு ஒரே விதிதான். எரியாத புல்லில், தீக்கு முன்னால், நிற்கவே கூடாது. ஏதாவது தவறினால் எரிந்து முடிந்த இடத்துக்குள் போய்விடவேண்டும். சாம்பல் சுடும், ஆனால் பூட்ஸ் இருந்தால் தாங்கும்.

முடிந்த பிறகு வீட்டுக்குள் போய் விழத்தான் உடம்பு கேட்கும். அந்த நேரத்தில் எல்லையைச் சுற்றி நடக்கவேண்டும். காய்ந்த சாணம், விழுந்த கட்டை, வேலிக்காலின் அடி, எலி வளையின் வாயில் சேர்ந்த சருகு, இவை எல்லாம் வெளியே அணைந்ததுபோல் காட்டி உள்ளே கனன்றுகொண்டிருக்கும். எல்லையிலிருந்து முப்பது மீட்டருக்குள் புகையும் எதுவும் விடக்கூடாது என்று வைத்திருக்கிறேன். கட்டையைப் புரட்டித் தண்ணீர் விட்டு, கையுறையைக் கழற்றிப் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன். இருட்டிய பிறகு ஒரு சுற்று, கங்கு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மறுநாள் காற்று ஏறும் நேரத்தில் இன்னொரு சுற்று.

பண்ணைக்காரருக்கும் எனக்கும் ஒத்துவராத விஷயம் ஒன்று உண்டு. அவர் மொத்தத்தையும் ஒவ்வொரு வருடமும் எரிப்பார். டெக்சஸ் பக்கத்திலிருந்து கன்றுகளை ஏப்ரல் கடைசியில் இறக்கி, மூன்று மாதம் மேய்த்து எடை ஏற்றி அனுப்பும் தொழில். எரித்த நிலத்துப் புல்லில் கன்றுகள் கூடுதலாக எடை போடும், அவருக்கு அது காசு. எனக்கு மாடு இல்லை. அதனால் புல்வெளியை மூன்றாகப் பிரித்து, வருடம் ஒரு பங்குதான் எரிக்கிறேன். ப்ரெய்ரி கோழி என்ற புல்வெளிப் பறவை, தரையில் கூடு கட்டும் சின்னக் குருவிகள், புல்தண்டுக்குள் குளிர்காலம் கழிக்கும் பூச்சிகள், இவற்றுக்கெல்லாம் பழைய புல் கொஞ்சம் நிற்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எரித்துவிட்டு அவை எங்கே போகும்? "பாதி வேலை செய்கிறாய்" என்று அவர் கிண்டல் செய்வார். செய்யட்டும்.

எப்போது எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து எந்தப் புல் ஜெயிக்கும் என்பதும் மாறும். வீட்டுக்கு அருகே முன்னால் இருந்தவர்கள் விதைத்த புரோம் என்ற குளிர்காலப் புல் உண்டு, மார்ச்சிலேயே பச்சையாகிவிடும். ஏப்ரல் கடைசியில் எரித்தால் அது பாதி வளர்ந்த நிலையில் அடிவாங்கும், அப்போதுதான் எழும் பிக் புளூஸ்டெம்முக்கு வழி கிடைக்கும். மார்ச் நடுவில் எரித்தால் புரோம் கொழுக்கும். ஆனால் செரீசியா லெஸ்பிடீஸா என்ற களைக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கிழக்கு ஆசியாவிலிருந்து தீவனத்துக்கென்று கொண்டுவந்த செடி, இப்போது சட்டப்படி ஒழிக்கவேண்டிய களை. வசந்தத் தீ பட்டால் இதன் விதை இன்னும் நன்றாக முளைக்கிறது. அது பூத்து விதை பிடிக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் எரித்தால் நன்றாகக் குறைகிறது என்று கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஓடைக்கரையில் எங்களுக்கும் ஒரு திட்டு வந்திருக்கிறது. அதனால் அந்தப் பங்கை இந்த வசந்தத்தில் தொடவில்லை. பச்சை கலந்த புல் மெதுவாகத்தான் எரியும், புகை அதிகம், வேறு நாள், வேறு கணக்கு. செப்டம்பருக்கு ஆட்களைக் கேட்டு வைத்திருக்கிறேன்.